தடையும் வலுவும்: நீள்கம்பியின் கணக்கு வரலாறு

மின்னியலைக் கற்கத் தொடங்கும் மாணவன் முதலிற் சந்திப்பவை இரண்டு சிறு கணக்குகளாகும். ஒரு கடத்தியின் இரு முனைகளுக்குமிடையேயுள்ள அழுத்த வேறுபாட்டை அதனூடே பாயும் ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். அவ்விரண்டையும் பெருக்கினால் வலு கிடைக்கும். வகுத்தலும் பெருக்கலும் அறிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் இவற்றைச் செய்துவிடலாம். ஆயினும், இவ்விரு கணக்குகளும் உலகின் பொதுச்சொத்தாவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சென்றன என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. விதி ஒன்றைக் கட்டமிட்டு அச்சிட்டு, அதன்கீழ்ப் பத்துப் பயிற்சிகளைக் கொடுத்துவிட்டு அப்பாற் செல்வதே அவற்றின் வழக்கம். அந்த நூறு ஆண்டுகளை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலனாகும். ஆய்வுகூடத்தின் ஆர்வம் இக்கணக்குகளைக் கண்டுபிடித்தது. ஆனால் உலகம் அவற்றை ஏற்றுக்கொண்டது கம்பி நீண்டபோதுதான். கடலைக் கடக்கவேண்டிய தேவையும், செம்பின் விலையும், கடலடியிற் புதையுண்டுபோன பணமுமே அவற்றை அறிஞரின் ஏட்டிலிருந்து தொழிலாளியின் கைக்குக் கொண்டுவந்தன.

நீளமும் நீரும் இடையூறாகும் என்பதைக் கிண்ணியா மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தம்பலகாமக் குடாவும் கொட்டியாரக் குடாவும் ஒன்றையொன்று தொடும் நீரிணையின் தென்கரையில் அமைந்தது அவ்வூர். 2009ஆம் ஆண்டில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படும் வரையில், திருகோணமலைக்குச் செல்லும் கிண்ணியாவாசி பாதையேறியே நீரைக் கடந்தான். வடக்கே, 1957ஆம் ஆண்டுவரை ஆங்கிலேயரின் கடற்படைத் தளமாக விளங்கிய பெருந்துறைமுகம் மின்னொளியிலே திகழ்ந்த காலத்தில், தெற்கேயுள்ள சிற்றூர்களின் வீடுகளிலே மண்ணெண்ணெய் விளக்குகளே எரிந்தன. கண்ணுக்கெட்டிய ஒளி கைக்கெட்டாமற் போனதன் காரணம் என்ன? ஆட்சியாளரின் கருத்தின்மை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கருத்தின்மைக்குக் கைகொடுத்த வேறொரு காரணமும் உண்டு. அது கம்பியின் தடை. அதன் வரலாறே ஈண்டு நோக்கத்தக்கது.

இவ்வரலாற்றின் முதலேட்டில் இடம்பெறவேண்டியவர் ஹென்றி கவெண்டிஷ் என்னும் ஆங்கிலச் செல்வர். பேச்சிலும் பெயரெடுப்பதிலும் நாட்டமில்லாதவர். 1781ஆம் ஆண்டில், மின்னைச் சேமித்துவைக்கும் இலெய்டன் சாடிகளை உப்புநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களினூடாகவும், கூடவே தம் உடலினூடாகவும் இறக்கிப் பார்த்தார். ஓட்டத்தை அளக்கும் கருவி எதுவும் அக்காலத்தில் இல்லை. எனவே, தம் கையில் உணரப்பட்ட அதிர்ச்சியின் கடுமையையே அவர் அளவுகோலாகக் கொண்டார். ஒரு குழாயின் அதிர்ச்சியும் இன்னொரு குழாயின் அதிர்ச்சியும் சமமாகத் தோன்றும்வரை நீரின் நீளத்தை மாற்றி மாற்றி, தடைக்கும் ஓட்டத்துக்குமுள்ள தொடர்பை ஏறக்குறையச் சரியாகவே கண்டுகொண்டார். கண்டதை அவர் வெளியிட்டாரல்லர். அவர் மறைந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின்னர், 1879இல், கேம்பிரிட்ஜின் பேராசிரியர் மக்ஸ்வெல் அந்தக் கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பித்தபோதே உலகம் அதனை அறிந்தது. அதற்குள் அவ்விதி வேறொருவரின் பெயரைப் பெற்றுவிட்டது. தன் மெய்யையே கருவியாக்கிய மனிதனின் உழைப்பு இவ்வாறு பயன்படாது போனது இரங்கத்தக்கதே. ஆயினும் வெளியிடப்படாத அறிவு, அறியாமையைப் போலவே பிறர்க்குப் பயன்படுவதன்று.

1800ஆம் ஆண்டில் வோல்ற்றா தம் மின்னடுக்கை உலகுக்கு அறிவித்தபின், இடையறாது பாயும் ஓட்டம் கிடைத்தது. 1820இல் எர்ஸ்டெட் என்பார் ஓட்டம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டார். ஊசி திரும்பும் அளவைக்கொண்டு ஓட்டத்தை அறியலாம் என்ற நிலை உண்டாயிற்று. தொலைவிலுள்ள ஊசியை அசைத்துச் செய்தி அனுப்பலாமே என்ற எண்ணமும் உடனே பிறந்தது. 1825இல் ஆங்கிலேயரான பீற்றர் பார்லோ இதனைச் சோதிக்க முற்பட்டார். இருநூறு அடிக் கம்பியிலேயே ஓட்டம் பெரிதும் குறைந்துபோவதைக் கண்ட அவர், மின்தந்தி கைகூடாத காரியம் என்று முடிவு கட்டினார். கம்பி நீளும்போது ஓட்டம் குறையும் என்பது மெய்யே. ஆனால், எவ்வளவு குறையும், எதனைக் கூட்டினால் அக்குறை நிரம்பும் என்ற கணக்கு அவரிடம் இருக்கவில்லை. கணக்கின்மை ஒரு நல்ல எண்ணத்தைப் பல ஆண்டுகள் பின்தள்ளியது.

அக்கணக்கைத் தந்தவர் ஒரு பாடசாலை ஆசிரியர். ஜோர்ஜ் சைமன் ஓம் 1789இல் ஜேர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் பூட்டுச் செய்யும் கொல்லர்; கணிதமும் பௌதிகமும் தாமே கற்று மைந்தர்க்கும் கற்பித்தவர். 1817முதல் ஓம் கொலோன் நகரிலுள்ள உயர்பாடசாலையொன்றிற் கணிதமும் பௌதிகமும் படிப்பித்துவந்தார். பாடசாலையின் ஆய்வுகூடத்திலே, வகுப்பு முடிந்தபின் கிடைத்த பொழுதிலே செய்த சோதனைகளால் அவர் அழியாப் புகழ் பெற்றார் என்பது ஆசிரியர் எவரும் எண்ணி மகிழத்தக்கது.

ஆயினும் அவருடைய முதல் முயற்சி வழுவியது. 1825இல் அவர் வெளியிட்ட முதற் கட்டுரையிலே தரப்பட்ட சூத்திரம் தவறானது. காரணம், அவர் கையாண்ட மின்கலமே நிலையற்றது. சோதனை நடக்கும்போதே அதன் ஆற்றல் தளர்ந்துகொண்டிருந்தது. நீரூற்றின் வேகம் கணத்துக்குக் கணம் மாறுமாயின் குழாயின் தன்மையை எவ்வாறு அளப்பது? இதனை அறிந்த பொகென்டோர்ஃப் என்னும் அறிஞர், மின்கலத்தை விடுத்து, 1821இல் சீபெக் கண்டறிந்த வெப்பமின் இணையைக் கையாளுமாறு கூறினார். பிசுமத்தும் செம்பும் சேர்ந்த இணையின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் ஓம் வைத்தார். கொதிநீரின் வெப்பநிலையும் பனிக்கட்டியின் வெப்பநிலையும் மாறுவதில்லை. எனவே மின்னியக்க விசையும் மாறவில்லை. 1826ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நீளம் வெவ்வேறான எட்டுச் செப்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, முறுக்கிழையில் தொங்கிய காந்த ஊசியின் திரும்பலை அளந்தார். கிடைத்த எண்கள் ஒரே ஒழுங்கில் அமைந்தன. ஓட்டம் என்பது ஒரு மாறிலியை, கம்பியின் நீளத்தோடு இன்னொரு மாறிலியைக் கூட்டி வருவதால் வகுத்த ஈவுக்குச் சமம். மேலே நிற்பது ஊற்றின் விசை. கீழே கூட்டப்படுவது ஊற்றின் உட்தடை. இன்று மாணவர் எழுதும் சூத்திரம் முழுமையும் அவ்வொரு வரியிலே அடங்கியுள்ளது.

1827இல் அவர் கல்வானிச் சுற்றைக் கணித முறையால் ஆராயும் நூலை வெளியிட்டார். அதற்குக் கிடைத்த வரவேற்போ கசப்பானது. இயற்கையைச் சிந்தனையால் மட்டுமே அறியலாம் எனக் கருதிய தத்துவவாதிகள் அக்காலத்து ஜேர்மனியிற் பலர். எண்களும் அட்டவணைகளும் அவர்க்கு இழிவாகத் தோன்றின. பல்கலைக்கழகப் பதவியொன்றை எதிர்பார்த்திருந்த ஓம் 1828இல் தம் ஆசிரியப் பதவியையும் துறந்தார். பல ஆண்டுகள் நிலையான பணியின்றி இடர்ப்பட்டார். 1841இல் இலண்டன் வேத்தியற் சங்கம் கொப்லிப் பதக்கத்தை அளித்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பதவி 1852இல் வந்தது. 1854இல் அவர் காலமானார். இளமையில் வேண்டிய பதவி மறைவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே கைக்கு வந்தது என்பதைக் குறிப்பிடாமல் அவர் பெயரால் வழங்கும் விதியை மட்டும் கற்பிப்பது நன்றியுடைமை ஆகாது.

இவ்விடத்துச் சொற்களைப் பற்றியும் ஒரு சிறிது கூறுதல் பொருந்தும். தமிழில் அழுத்தம், ஓட்டம், தடை என்னும் மூன்றும் மக்கள் வழக்கிலுள்ள சொற்கள். வாய்க்காலில் நீர் பாயவிட்டவன் இம்மூன்றையும் உணர்ந்தேயிருப்பான். வாய்க்கால் ஒடுங்கினாலும் நீண்டாலும் நீர் தளரும், மேட்டுநிலத்திலிருந்து விட்டால் விரையும். பிறமொழிச் சொல்லை அப்படியே ஏற்காது பொருள் விளங்கும் தமிழ்ச் சொல்லை ஆக்கவேண்டும் என்று உழைத்தோருள் சுவாமி விபுலானந்தர் தலையாயவர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியும், திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தியவருமாகிய அவர், 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இன்று ஈழத்து மாணவன் வலு என்பதைத் தமிழகத்து மாணவன் திறன் என்பான். சொல் வேறாயினும் இருவர்க்கும் பாடம் தாய்மொழியில் விளங்குகிறது.

தடையின் கணக்கு ஓமிடமிருந்து கிடைத்தது; வலுவின் கணக்கு ஒரு மதுவடிசாலை உரிமையாளரின் மகனிடமிருந்து கிடைத்தது. மான்செஸ்டருக்கு அண்மையிலுள்ள சல்போர்டில் வாழ்ந்த ஜேம்ஸ் ஜூல், 1840இல் தமது இருபத்திரண்டாம் வயதளவில், சுருளாக்கிய கம்பியை நீரில் அமிழ்த்தி அதனூடே ஓட்டத்தைச் செலுத்தி, நீரின் வெப்பம் உயர்வதை நுண்ணிய வெப்பமானியால் அளந்தார். ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் இருமடங்காகவில்லை, நான்கு மடங்காயிற்று. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. அதாவது, கம்பியில் வெப்பமாக மாறும் வலு ஓட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பெருக்கி வருவது. ஓமின் விதியை இதனுடன் சேர்த்தால், அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்கினாலும் அதே விடை வரும். இந்த வர்க்கம் என்னும் சிறு சொல்லே பிற்காலத்தில் எந்த ஊருக்கு ஒளி போகும், எந்த ஊருக்குப் போகாது என்பதைத் தீர்மானித்தது.

எனினும், இவ்வளவும் அறிஞர் உலகினுள்ளேயே நின்றன. 1843இல் வீற்ஸ்ரன் இலண்டனில் ஆற்றிய விரிவுரையே ஓமின் கருத்தை ஆங்கிலேயரிடையே பரப்பியது எனலாம். வேலை செய்பவனோ அனுமானத்தையே நம்பியிருந்தான். வங்காளத்தில் வில்லியம் ஓஷோனசி என்னும் மருத்துவர் 1839இல் கல்கத்தாவின் தாவரத் தோட்டத்தில் இருபத்தொரு மைல் நீளக் கம்பியை மூங்கிற் கம்பங்களில் இழுத்துத் தந்தியைச் சோதித்தார். ஊக்ளி நதியின் அடியிலும், தார் தோய்த்த நூலால் மூடிப் பிரம்பாற் பொதிந்த கம்பியைக் கிடத்தினார். செய்தியை அவர் அறிந்தது எவ்வாறு? விரல்களில் உணர்ந்த அதிர்ச்சியால். கவெண்டிஷின் காலத்திலிருந்து அறுபது ஆண்டுகள் கழிந்தும் மனிதனின் விரலே மானியாக இருந்தது! 1858இல் இலங்கையும் மன்னார்க் கடலூடாக இந்தியாவுடன் தந்தியால் இணைந்தது.

அதே 1858ஆம் ஆண்டில் அத்திலாந்திக் மாகடலின் அடியில் அயர்லாந்துக்கும் வடஅமெரிக்காவுக்குமிடையே இரண்டாயிரம் மைலளவான வடம் கிடத்தப்பட்டது. விக்டோரியா மகாராணியின் 98 சொல் வாழ்த்துச் செய்தியை அனுப்பப் பதினாறு மணிநேரம் சென்றது. செய்தி மங்கியபோது, மின்னியலாளராகப் பணிபுரிந்த வைற்ஹவுஸ் என்னும் மருத்துவர், அழுத்தத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்று கருதி ஏறத்தாழ 2,000 வோல்ற்று அழுத்தத்தை ஏற்றினார். சில வாரங்களுள் வடம் முற்றாக மௌனமாயிற்று. பழி முழுவதையும் அவர்மீது சுமத்துவது பிற்காலத்தவர் வழக்கமாயிற்று. அது முற்றிலும் நேர்மையன்று. அவசரத்திற் செய்யப்பட்ட அவ்வடத்தின் காப்புறை தொடக்கத்திலேயே பழுதுற்றிருந்தது. மேலும், வில்லியம் தொம்சன் 1857இலேயே ஒரு பெருங்குறையைச் சுட்டியிருந்தார். வெவ்வேறு உற்பத்தியாளர் விற்ற செப்புக் கம்பிகள் கண்ணுக்கு ஒரே தன்மையனவாயினும், அவற்றின் கடத்துதிறன் பெரிதும் வேறுபட்டது. அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்து தடையைக் காணும் பழக்கம் தொழிற்சாலையில் இருந்திருந்தால் தாழ்ந்த செம்பு கடலுள் இறங்கியிராது. அடுத்துச் செங்கடல் வழியாகக் கராச்சிவரை கிடத்தப்பட்ட வடமும் 1860ஆம் ஆண்டளவிற் பயனற்றுப்போனது. இரு வடங்களோடும் கடலுள் ஆழ்ந்த பெரும்பணத்தைக் கண்டு திடுக்குற்ற ஆங்கில அரசு, வட நிறுவனத்தாருடன் இணைந்து விசாரணைக்குழுவொன்றை அமைத்தது; அதன் அறிக்கை 1861இல் வெளிவந்தது. அளவின்றிச் செய்யும் காரியம் அழிவையே தரும் என்பதை அரசாங்கமும் வணிகரும் அப்போதே உணர்ந்தனர்.

வடத்தின் பழுதைக் கண்டறியும் முறை எளிமையும் அழகும் வாய்ந்தது. ஒரு மைல் வடத்தின் தடை 5 ஓம் என வைத்துக்கொள்ளலாம். கரையில் நிற்பவன் 60 வோல்ற்று அழுத்தத்தை ஏற்ற, ஓட்டம் ஓர் அம்பியரின் பத்தில் ஒரு பங்காக இருக்கிறது. அறுபதைப் பத்தில் ஒன்றால் வகுத்தால் 600 ஓம். அதனை ஐந்தால் வகுத்தால் 120 மைல். காப்புறை கிழிந்து கம்பி கடல்நீரைத் தொட்டிருக்கும் இடம் கரையிலிருந்து ஏறத்தாழ 120 மைல் தொலைவிலுள்ளது. கப்பல் அங்கே சென்று வடத்தைத் தூக்கலாம். கண்காணாத ஆழத்திலுள்ள பழுதைக் கரையிலிருந்தே கணக்கால் தொட்டுவிடலாம். பழுதுற்ற இடத்துக்கும் ஒரு தடை உண்டாதலின் விடையைத் திருத்தவேண்டியிருக்கும். அதற்கென இரு கரைகளிலிருந்தும் அளக்கும் முறைகள் வகுக்கப்பட்டன. ஆனால், ஒருவன் 600 என்றதை இன்னொருவன் வேறோர் எண்ணாகச் சொன்னால் கப்பல் எங்கே செல்லும்? எனவே, எல்லோர்க்கும் பொதுவான தடையலகு இன்றியமையாததாயிற்று. 1861இல் பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் அமைத்த குழுவிலே தொம்சனும், பின்னர் மக்ஸ்வெல்லும் உழைத்தனர். 1865அளவில் மாதிரித் தடைச்சுருள்கள் வழங்கப்பட்டன. 1881இல் பரிஸ் மாநாடு ஓம், வோல்ற்று, அம்பியர் என்னும் பெயர்களை நிலைநாட்டியது. 1882இல் வில்லியம் சீமன்ஸ், ஒரு வோல்ற்று அழுத்தத்தில் ஓர் அம்பியர் ஓட்டம் தரும் வலுவுக்கு வாற்று என்று பெயரிடலாம் என முன்மொழிந்தார். கவெண்டிஷின் உப்புநீர்க் குழாயிலிருந்து எண்ணினால் நூற்றொரு ஆண்டு.

அதே 1882ஆம் ஆண்டு செப்டெம்பரில் நியூயோர்க்கின் பேர்ல் வீதியில் எடிசனின் மின்னிலையம் ஒளி வழங்கத் தொடங்கியது. எடிசன் மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் எனச் சிறுவர்க்குச் சொல்லப்படுகிறது. அவருக்கு முன்னரே பலர் ஒளிரும் விளக்குகளைச் செய்து காட்டியிருந்தனர். எடிசனின் உண்மையான பெருமை, அவரும் அவருடைய கணித உதவியாளர் அப்ரனும் செய்த செம்புக் கணக்கிலே உள்ளது. நூறு வாற்று விளக்கொன்றை இருவகையில் அமைக்கலாம். முதலாவது 10 வோல்ற்றில் 10 அம்பியர் பெறுவது. அதன் தடை 1 ஓம். இரண்டாவது 100 வோல்ற்றில் 1 அம்பியர் பெறுவது. அதன் தடை 100 ஓம். ஒளி இரண்டிலும் ஒன்றே. ஆனால், நிலையத்திலிருந்து விளக்குவரை செல்லும் கம்பியின் தடை ஓர் ஓமின் பத்தில் ஒரு பங்கு எனின், முதலாவதில் வழியில் வீணாகும் வலு 10 வாற்று. இரண்டாவதில் ஒரு வாற்றின் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. நூறு மடங்கு வேறுபாடு! அல்லது, அதே இழப்பைப் பொறுத்துக்கொண்டால் செம்பில் நூற்றில் ஒரு பங்கு போதும். முன்னையோர் தடை குறைந்த தடித்த இழையைத் தேடியபோது, எடிசன் தடை மிகுந்த மெல்லிய இழையைத் தேடியதன் காரணம் இதுவே. 1879இல் அவருக்குக் கிடைத்த காபன் இழை அக்கணக்கின் விளைவேயன்றித் தற்செயலானதன்று.

110 வோல்ற்றும் நெடுந்தூரத்துக்குப் போதவில்லை. அழுத்தத்தை ஆயிரக்கணக்காக உயர்த்தி அனுப்பி, ஊரெல்லையில் மீண்டும் தாழ்த்தவேண்டும். ஆடலோட்டமும் நிலைமாற்றியும் அதற்கு வழிசெய்தன. 1891இல் ஜேர்மனியில் லவுஃபனிலிருந்து பிராங்க்ஃபர்ட்வரை 175 கிலோமீற்றர் தூரத்துக்கு வலு அனுப்பப்பட்டது. புறப்பட்டதில் ஏறத்தாழ முக்காற்பங்கு போய்ச் சேர்ந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து கோலார்ப் பொற்சுரங்கங்களுக்கு 92 மைல் தூரம் 30,000 வோல்ற்றளவில் மின்வலு சென்றது. தமிழ்நாட்டுக்குள் நுழையுமுன்னரே காவிரி அந்தப் பணியையும் ஆற்றிவிட்டாள்.

இலங்கையிலோ, 1895இல் கொழும்புக் கோட்டையில் மின்வழங்கல் தொடங்கிற்று. ஆனால், நகரங்களுக்கு அப்பால் நெடுங்காலம் எதுவும் நிகழவில்லை. பொதுவேலைத் திணைக்களத்துப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரையில், கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் ஆறுகளின் வீழ்ச்சியைக்கொண்டு நாடு முழுவதற்கும் மின்வலு வழங்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1920களில் தொடங்கிய வேலை இடைநடுவிற் கைவிடப்பட்டது. 1931இல் அவர் அரசாங்க சபைக்கே தெரிவாகி அதற்காக வாதிட்டார். லக்சபானா நிலையத்தின் முதற்கட்டம் 25,000 கிலோவாற்று வலுவோடு இயங்கத் தொடங்கியது 1950இலேதான். முப்பத்திரண்டு ஆண்டுத் தாமதத்துக்குக் கணக்கில் எந்தப் பிழையும் காரணமன்று. பதவிக்காகக் காத்திருந்த ஓமைப்போலவே விமலசுரேந்திரவும் நெடுங்காலம் காத்திருந்தார். நிலையம் இயங்குவதைக் கண்டபின் 1953இற் காலமானார்.

லக்சபானாவின் வலு 66,000 வோல்ற்றில் கொழும்புக்குச் சென்றது. ஏன் அவ்வெண்? வீட்டிலுள்ள 230 வோல்ற்றோடு ஒப்பிட்டால் அது 287 மடங்கு. ஆகவே, அதே வலுவுக்கு ஓட்டம் 287இல் ஒரு பங்காகக் குறையும். ஜூலின் வர்க்கத்தால், அதே கம்பியில் இழப்போ ஏறத்தாழ 82,000இல் ஒரு பங்காகக் குறையும். மூன்று கம்பிகளால் ஆடலோட்டத்தை அனுப்பும் முறையிலே கணக்கிற் சில திருத்தங்கள் உண்டு, விகிதம் மாறாது. திருகோணமலைக்கு அநுராதபுரத்திலிருந்து வரும் பெருவழி 132,000 வோல்ற்று அழுத்தமுடையது. மலையில் விழும் நீரின் வலு கீழ்க்கரைக்கு வந்து சேர்வது இதனாலேயே.

பெருவழி வந்தாலும் கடைசி மைல் எளிதன்று. கிண்ணியாவின் ஓர் ஒதுக்குப்புறக் கிராமத்தில், நிலைமாற்றியிலிருந்து கடைசி வீட்டுக்குப் போய்வரும் கம்பியின் மொத்தத் தடை 1 ஓம் எனக் கொள்ளலாம். அக்கம்பியின் முடிவிலுள்ள வீடுகள் எல்லாம் சேர்ந்து 20 அம்பியர் எடுக்குமாயின், கம்பியிலேயே 20 வோல்ற்று குறையும். கடைசி வீட்டுக்கு 230இற்குப் பதில் 210 கிடைக்கும். வழியில் 400 வாற்று வெப்பமாகக் கழியும். இரவு ஏழு மணிக்கு எல்லா வீடுகளும் விளக்கேற்றி, ஓட்டம் 40 அம்பியராகும்போது, கடைசி வீட்டில் 190 வோல்ற்று. வழியிற் கழிவது 1,600 வாற்று. 230 வோல்ற்றுக்கென ஆக்கப்பட்ட 60 வாற்று இழைவிளக்கு ஏறத்தாழ 0.26 அம்பியர் எடுக்கும். அதன் தடை 882 ஓமளவு. 190 வோல்ற்றில் அது 41 வாற்றளவே தரும். பிள்ளை படிக்கும் நேரத்திலேதான் ஒளி குன்றுகிறது. மின்வழங்குவோர் கிராமத்தின் நடுவிலே இன்னொரு நிலைமாற்றியை நட்டு, உயரழுத்தக் கம்பியை வீடுகளுக்கு அண்மையிற் கொண்டுவருவது அக்கடைசி வீட்டுக்காகவே.

இவ்விழைவிளக்கைக்கொண்டு மாணவர் தாமே செய்துபார்க்கத்தக்க சோதனையும் ஒன்றுண்டு. எரியாதிருக்கும் விளக்கைக் கழற்றி மானியால் அதன் தடையை அளந்தால், 882 ஓமுக்குப் பதில் அதன் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான எண்ணே தோன்றும். மானி பழுதென்று மாணவன் கருதுவான். பழுது மானியில் இல்லை. தங்குதன் இழை வெண்சூடேறும்போது அதன் தடை பன்மடங்கு உயர்கிறது. அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்குமுள்ள விகிதம் மாறாதது என்று ஓம் கண்டது, வெப்பநிலை மாறாத கடத்திக்கே. கொதிநீரும் பனிக்கட்டியும் வைத்து அவர் காட்டிய கவனத்தைப் பாடநூலின் கட்டமிட்ட வரி காட்டுவதில்லை. மேற்கூறிய 41 வாற்றும் அதனாற் சற்றே திருத்தத்தக்கது. மங்கிய இழை சிறிது குளிர்ந்திருப்பதால், உண்மையில் கிடைப்பது அதனிலும் சற்று மிகும்.

கொட்டியாரக் குடாவின் மறுபுறத்திலே சம்பூரில் 500 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையம் அமைக்கும் திட்டம் 2016இற் கைவிடப்பட்டது. அங்கு 120 மெகாவாற்று சூரியவொளி மின்னிலையத்துக்கான பணி 2025 ஏப்பிரலில் தொடக்கிவைக்கப்பட்டது. சூரியப் பலகை ஒன்று நல்வெயிலில் ஏறத்தாழ 40 வோல்ற்றில் 10 அம்பியர், அதாவது 400 வாற்றளவு தருவது. பலகைகளைத் தனித்தனியே இணைத்து அனுப்பினால் கம்பியெல்லாம் வெப்பமாகவே கழியும். எனவே, அத்தகைய நிலையங்களில் இருபத்தைந்து பலகைகளளவில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, ஓட்டத்தை அதே 10 அம்பியரில் வைத்துக்கொண்டு அழுத்தத்தை 1,000 வோல்ற்றாக உயர்த்துவர். பின்னர் அதனை ஆடலோட்டமாக்கி, நிலைமாற்றியால் இன்னும் உயர்த்துவர். 120 மெகாவாற்றை 1,000 வோல்ற்றிலேயே அனுப்ப முயன்றால் 120,000 அம்பியர் வேண்டும். 132,000 வோல்ற்றிற்கு உயர்த்தினால் தனிச்சுற்றுக் கணக்கிலே 910 அம்பியருக்குச் சற்றுக் குறைவு. நெடுங்காலம் ஒளியை எதிர்க்கரையிலேயே கண்டுகொண்டிருந்த கரைப்பகுதியிலிருந்து, இனி அவ்வோட்டம் வெளியூர்களை நோக்கிப் புறப்படும்.